இரண்டு வீட்டு அக்கா

இடது அடுப்பைத் துடைத்த துணியை அலசிப் பிழிந்து ஆணியில் மாட்டிவிட்டு, வலது அடுப்புக்கு வேறு துணி எடுக்கிறாள். பாத்திரம் தேய்க்கும் நார் இரண்டு, விளக்குமாறு இரண்டு. சமையல் மேடையின் நடுவே கறுப்பு டேப். இந்தப் பக்கம் சாருடையது, அந்தப் பக்கம் மேடமுடையது. விவாகரத்து வழக்கு நடக்கிறது. முதலில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் வீட்டையும் பிள்ளையையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று இரண்டு வக்கீல்களும் தனித்தனியே சொல்லிவைத்ததால், பதினோரு மாதமாக இருவரும் ஒரே கூரையின் கீழ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஆறு வயதுப் பெண்.

ஒரே கதவைத் திறந்துகொண்டு இரண்டு வீட்டுக்கு வேலைக்குப் போகிறவள் என்பதால், குடியிருப்பில் வேலை செய்யும் மற்றப் பெண்கள் வைத்த பெயர்தான் ‘இரண்டு வீட்டு அக்கா’. ஐம்பதைத் தொட்ட வயது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டால் அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. ஆனால் அந்த வீட்டில் அவளுக்குக் காதுதான் முக்கால்வாசி வேலை. இரண்டடி தூரத்தில் சார் நிற்கும்போதே மேடம் அவளிடம், “பாத்ரூம் லைட்டை அணைக்கச் சொல்லுங்கக்கா” என்பார். அவள் பாத்திரத்திலிருந்து தலை நிமிராமல், “காதுல விழுந்துச்சுல்ல சார்? நான் வேற தனியா சொல்லணுமா?” என்பாள். சார் அவளிடம், விழுந்துவிட்டது என்று சொல்லச் சொல்வார்.

அவளைச் சாட்சியாகக் கூப்பிடலாம் என்ற பேச்சு வந்ததிலிருந்து உபசாரம் கூடிவிட்டது. சார் அவள் உட்கார ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். மறுநாளே மேடம் அதற்கு அளவெடுத்து மெத்தை தைத்துப் போட்டார். “கேஸ் இன்னும் ஒரு வருஷம் இழுத்துச்சுன்னா சோபாவே வந்துடும்டி” என்று அக்கா மாடிப்படியில் மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஸ்டூலில் உட்காராமலும் இருந்ததில்லை. வலிய வந்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

வழக்கு முடியும்வரை பிள்ளைக்குச் சாப்பாடு போடும் கிழமைகளைக் கோர்ட்டு பிரித்துக் கொடுத்திருந்தது. திங்கள், புதன், வெள்ளி தாய். மற்ற நாள் தகப்பன். தாயின் அலமாரியில் பால் இருக்கும், முட்டை இருக்காது. தகப்பன் பக்கம் முட்டை இருக்கும், பால் இருக்காது. பிள்ளைக்கோ இரண்டும் வேண்டும். திங்கட்கிழமை முட்டை கேட்டு உதட்டைப் பிதுக்கினால் அக்கா டேப்பைத் தாண்டி ஒரு முட்டை எடுப்பாள். செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு டம்ளர் பால். இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முட்டை குறைவதைக் கண்ட சார், ஒவ்வொன்றிலும் பேனாவால் எண் போட்டார். மேடம் பால் பாட்டிலில் தினமும் கோடு கிழித்துப் படம் எடுத்தார். அக்காவுக்கு எழுத்து தெரியும். ஆனால் முட்டையைப் போய்ப் படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கடைசியில் இரண்டு மனுக்கள் தாக்கலாயின. எதிர்மனுதாரர் எனக்குச் சொந்தமான முட்டைகளைக் கவர்ந்து, குழந்தைக்கு உணவளிக்கும் என் கடமைக்குக் குந்தகம் விளைவிக்கிறார் என்றது ஒன்று. முட்டை என்ற இடத்தில் பால் என்று போட்டால் மற்றது. பிள்ளை வாயிலிருந்து பறித்தவர் யார் என்று தெரிந்துவிட்டால், பிள்ளை யாருக்கு என்பதும் பாதி முடிந்த மாதிரி. இரு தரப்புக்கும் சாட்சி அவள் ஒருத்திதான். உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் இரண்டு பேரில் ஒருவரைவிட்டுப் பிள்ளை போகும்.

கோர்ட்டுக்குத் துவைத்து மடித்த நீலப் புடவையில் போனாள். கூண்டில் ஏறியதும் பழக்கதோஷத்தில் கைப்பிடித் தூசியைத் தலைப்பால் துடைத்தாள். மேடமின் வக்கீல் பாலில் ஆரம்பித்தார். சாரின் வக்கீல் முட்டைக்காக எழுந்து நின்றார். அவள் இருவரையும் விட்டுவிட்டு நீதிபதி அம்மாளைப் பார்த்தாள்.

“முட்டை எடுத்தது நான்தாம்மா. பால் எடுத்ததும் நான்தான். இவங்க ரெண்டு பேருக்கும் திருடுற அளவுக்குச் சமையக்கட்டுப் பழக்கம் இல்ல.”

ஏன் எடுத்தாய் என்று நீதிபதி கேட்டார்.

“பசிக்கிறப்போ இன்னிக்கு என்ன கிழமைன்னு பாப்பாவுக்குத் தெரியலையேம்மா.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு நேரம் பிடித்தது. பிறகு இரண்டு மனுக்களையும் தள்ளுபடி செய்து, வழக்கை வேறு தேதிக்குப் போட்டார்.

வெளித் தாழ்வாரத்தில் மேடம்தான் முதலில் வந்தார். எங்களைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி செய்துவிட்டீர்களே என்றார். பிறகு, “நாளையிலேருந்து வர வேண்டாம்க்கா” என்றார்.

பின்னால் வந்த சார், “ஆமா, அதுதான் சரி” என்றார்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இந்த ‘ஆமா’வைப் போன வருஷமே சொல்லித் தொலைச்சிருந்தா, நான் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாத் தேய்ச்சுக்கிட்டுக் கிடந்திருக்க மாட்டேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை. உள்ளே நிறைய வருத்தம் இருந்தது, அதை அவர்களுக்குக் காட்டவில்லை. கிளம்பப் போனவளை மேடம் நிறுத்தினார். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், பிள்ளையைக் கூப்பிட எந்த கேட்டுக்குப் போக வேண்டும்? சார் தெரியாது என்று தலையாட்டினார்.

“எழுதிக்கோங்க” என்றாள் அக்கா.

மேடம் தள்ளுபடியான மனுவின் நகலைத் திருப்பி வைத்துக்கொண்டு பைக்குள் துழாவினார். பேனா இல்லை. சார் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார். மேடம் அதைப் பார்த்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

அக்கா கையை உயர்த்தி, எழுதுகிறவரின் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொரு விரலாக மடக்கினாள். பின் கேட், வேப்பமரத்துப் பக்கம். வலது ஷூ கடிக்கும், பஞ்சு வைக்கணும். தலை பின்னும்போது இழுக்கக் கூடாது. கணக்குப் பரீட்சை அன்றைக்கு வயிறு வலிக்கும், நம்பக் கூடாது. நான்கு விரல் மடங்கியது. ஐந்தாவதாக ஒன்று இருந்தது: சாப்பிட மாட்டேன் என்று பிள்ளை வாயை மூடிக்கொண்டால், காதில் என்ன சொன்னால் திறப்பாள் என்பது.

“இன்னும் இருக்கா?” என்று கேட்டார் சார்.

“அவ்வளவுதான்” என்று சொல்லி, கட்டைவிரலை நான்கு விரல்களுக்கும் உள்ளே வைத்து மூடிக்கொண்டாள்.