கோலி கடலை வாங்கிய கதை

பத்திரிகைக்காரனைத் திட்டுவதில் அறுபதுகளில் தாராவியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. திட்டுவதற்கு என்னைவிடத் தகுதி குறைந்த ஆளும் கிடையாது. இந்த இரண்டாவது விஷயம் இன்றுவரை எனக்கும் இன்னொருவருக்கும்தான் தெரியும்.

தோல் பதனிடும் கம்பெனியில் கைவண்டி இழுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், அதுவும் ஓடு மாற்ற. எழுத்துக்கூட்டிப் படிப்பதெல்லாம் பிறகு சலூன் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே சொத்து வாய். நாலு பேர் நிற்கிற இடத்தில் நான் போய் நின்றால் நாலு பேரும் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எங்களுக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. தோல் கம்பெனி ஆட்கள்தான். பாதிப்பேர் திருநெல்வேலி, மீதிப்பேர் அதற்கும் தெற்கே கடற்கரையிலிருந்து வந்த வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். பதினோரு பேருக்கு ஆறு ஜோடி பூட்ஸ். வலது காலால் அடிக்கிறவனுக்கு வலது பூட்ஸ், இடது காலால் அடிக்கிறவனுக்கு இடது பூட்ஸ் என்று பிரித்துப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். என்னை ஒரே ஒரு முறை உள்ளே இறக்கினார்கள். அன்று நான் ஒரு கோல் போட்டேன். எங்கள் பக்கத்துக் கோலில். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் டின்னைக் கையில் கொடுத்து, கோட்டுக்கு வெளியே நின்று தட்டச் சொல்லிவிட்டார்கள்.

மேட்ச் ஞாயிற்றுக்கிழமை, மாதுங்கா மைதானத்தில். வியாழக்கிழமை தமிழ்ப் பேப்பர் வரும். பம்பாய்த் தமிழர்களுக்காக வாரம் ஒரு முறை வருகிற பேப்பர். அதில் கடைசிப் பக்கத்தில் விளையாட்டுச் செய்தி. சலூன்காரர் சவரத்தை நிறுத்திவிட்டுப் படிப்பார். பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருக்கிற ஆள்கூட அவசரப்படுத்த மாட்டான், அவனுக்கும் கேட்க வேண்டும்.

கேட்டால் வயிறு எரியும். மாதுங்கா டீம் எதைச் செய்தாலும் நேர்த்தி. நாங்கள் எதைச் செய்தாலும் முரட்டு ஆட்டம். எங்கள் ஆள் போட்ட கோலுக்கு வேறு யாரோ பெயரைப் போடுவான். ஒரு தடவை மழையில் நடக்கவே நடக்காத மேட்சில் நாங்கள் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றுப்போனதாக எழுதியிருந்தான். அன்று நாங்கள் எல்லோரும் அதே சலூனில்தான் மழைக்கு ஒதுங்கி நின்றோம்.

"ஏல, நம்ம ஒரு கோல் போட்டுருக்கோம்லா. அதையாது எவன் போட்டான்னு எழுதிருக்கானா பாருங்க" என்றேன் அன்று. கடையே சிரித்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

எங்கள் டீமில் உருப்படியான ஆட்டக்காரன் கோல் கீப்பர்தான். கோலி என்றுதான் கூப்பிடுவோம். கடற்கரைக்காரன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். கம்பெனியில் அவனுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. ரோமம் போவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறுகிற தோலை இழுத்துப் போட வேண்டும். கை விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் பந்தைப் பிடிப்பான்.

செம்பூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி. அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகள் பந்து விளையாடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுத்து வைத்துக்கொள்ளும். அவர்களுக்கு ஒரு கோலி தேவைப்பட்டது. எங்கள் ஆளைக் கூப்பிட்டு ஒரு தடவை ஆட விட்டுப் பார்த்திருந்தார்கள், பிடித்துப் போயிருந்தது. ஒரு திங்கட்கிழமையைக் குறித்து, அன்று வந்து பார் என்று சொல்லியிருந்தார்கள். பெர்மனன்ட் வேலை, யூனிபார்ம், கேன்டீன் சாப்பாடு. ஊரில் அவனுக்குப் பெண் பார்த்துவிட்டு, வேலை கையில் வரட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

அந்தத் திங்களுக்கு எட்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, மாதுங்காவிடம் ஒரு கோலில் தோற்றோம். எங்கள் பேக் ஆட்டக்காரன் காலில் பட்டுப் பந்து திரும்பிவிட்டது. கோலி அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டான், பந்து இந்தப் பக்கம் போனது. சாமியே நின்றாலும் பிடித்திருக்க முடியாது. அதற்கு முன்னால் நிச்சயமாக உள்ளே போக வேண்டிய ஐந்தாறு பந்தை அவன்தான் தடுத்தான்.

மேட்ச் முடிந்து டின்னும் கையுமாக மைதானத்துக்கு எதிரில் இருந்த இரானி ஹோட்டலில் நுழைந்தேன். மூலை மேசையில், ஃபேனுக்கு நேர் கீழே, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர். பக்கத்தில் சின்ன நோட்டு, பேனா.

"மேட்ச் முடிஞ்சுடுத்தா? நீங்க அங்கேர்ந்துதானே வரேள்?" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. நாங்கள் வாரா வாரம் திட்டுகிற ஆள் இவர்தான். மைதானத்துக்கே வருவதில்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிறவனிடம் கேட்டு எழுதுகிறார்.

சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அவர் என்னை "நீங்க" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். வெண்ணெய் தடவிய ஒரு பன் மஸ்கா, ஒரு சாயா சொன்னார். கைவண்டிக்காரனுக்கு அதற்கு முன் யாரும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

"கோல் எப்படி விழுந்தது?"

உள்ளதைச் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும். பன் பாதிகூடத் தின்றிருக்கவில்லை.

"அத ஏன் சார் கேக்கிய. எங்க கோலி போஸ்ட்ல சாஞ்சிக்கிட்டு, பின்னால நின்ன கடலைக்காரன்ட்ட கடலை வாங்கிட்டு நின்னான். பந்து வாரதக் கடலைக்காரன்தான் மொதல்ல பாத்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் சாயா மூக்கில் ஏறிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பொறவு பொட்டலத்த மடியில சொருகிட்டு டைவ் அடிச்சான் சார். கடலை பூரா கோலுக்குள்ள, பந்தும் கோலுக்குள்ள" என்றேன்.

இருமிக்கொண்டே நோட்டை எடுத்து எழுதினார். பேனா ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன். "சார், அது சும்மா வெளாட்டுக்கு" என்று சொல்ல நாலு வார்த்தை போதும். அவர் தலை நிமிர்ந்து, "அப்புறம்?" என்றார். நான் அப்புறம் என்னவென்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வியாழக்கிழமை சலூனில் நல்ல கூட்டம். சலூன்காரர் படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அதே வரியைப் படித்தார். தாராவி அணியின் கோல் காப்பாளர் ஆட்ட நேரத்தில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தார் என்று இருந்தது. மடியில் செருகியதும் இருந்தது. ஒன்றையும் விடவில்லை, அந்த ஒரு தடவைதான் அந்த மனிதர் கேட்டதைக் கேட்டபடி எழுதினார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சாலா, எங்கனயிருந்து பாத்தான் இவன்?"

"இவனுக்கு மாதுங்காக்காரன் துட்டு குடுக்கான்."

"அவன் கைய ஒடிக்கணும்ல" என்று ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. என் குரல்தான்.

கோலி மட்டும் கத்தவில்லை. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் மெதுவாகச் சொன்னான். "செம்பூர் கம்பெனி டீம் செக்ரட்டரி தமிழாளு. அவரு இந்தப் பேப்பர்தான் படிப்பாராம்."

சனிக்கிழமை மத்தியானம் பேப்பர் ஆபீசுக்குப் போனோம். கேப்டன், கோலி, நான். நன்றாகப் பேசுவேன் என்று கேப்டன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். வயிறு சரியில்லை என்றேன். "ஒமக்கு வயிறு சரியில்லைன்னா என்ன, வாயி நல்லாத்தான இருக்கு. வாரும்" என்றார்.

மாதுங்காவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதே வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி மாறியது. என் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது.

கேப்டன் பேப்பரை மேசையில் விரித்தார். "இதத் திருத்திப் போடணும் சார். இவன் பொழப்பு இதுல கெடக்கு. திங்கக்கெழம இவனுக்கு வேலைக்குக் கூப்பிட்டிருக்காவ."

"எதுக்குத் திருத்தணும்? நான் நேர்ல பார்த்தேன்."

"எந்தப் பக்கம் நின்னு பாத்திய?"

"மேற்குப் பக்கம்."

"மேக்க சாக்கடைலா சார் போவுது."

அவர் அசரவில்லை. கேப்டனை விட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "இவரும் அங்க இருந்தாரே. இவரையே கேளுங்கோ. இவர் இல்லேன்னு சொல்லட்டும், நான் வர வாரமே திருத்திப் போடறேன்."

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. இல்லை என்று சொன்னால், நீங்கதானே சொன்னேள் என்பார். நான் அவரைக் காட்டிக்கொடுத்தால் அவர் என்னைக் காட்டிக்கொடுப்பார். இரண்டு திருடர்கள் ஒரே போர்வைக்குள் நின்றோம். வெளியே நின்றவன் கோலிதான்.

அவன் என் பக்கம் திரும்பினான். "சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க கோல் பக்கத்துலதான நின்னு டின்னு தட்டுனிய. நான் கடலை வாங்குனேனா?"

ஒரே வார்த்தை. இல்லை. அதைச் சொல்லிவிட்டு என்ன வந்தாலும் வாங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதிலாக என் வாய் அதற்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது.

"நான் எங்கடே ஒன்னையப் பாத்தேன். நான் டின்ன தட்டுவனா, கடலைக்காரன எண்ணுவனா?"

நிருபர் ஹா ஹா என்று சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. கோலி என் முகத்தையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான், அடுத்து ஏதோ சொல்லப் போகிறேன் என்று நினைத்து. பிறகு பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டான்.

"என்னவே ஆச்சு ஒமக்கு" என்று படியிறங்கும்போது கேப்டன் கேட்டார். வயிறு என்றேன்.

திங்கட்கிழமை அவன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு செம்பூர் போனான். மத்தியானச் சங்கு ஊதுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டான். அவனுக்குப் பதிலாக மாதுங்கா டீம் கோலியை எடுத்துக்கொண்டார்களாம். செக்ரட்டரி உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். "கடலை கொண்டாந்திருக்கியாப்பா" என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்த கிளார்க்குகள் சிரித்தார்களாம். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுண்ணாம்புக் குழியில் இறங்கினான். நான் அந்தப் பக்கமாக வண்டி இழுத்துக்கொண்டு போனேன், நிற்காமல்.

பத்து நாள் தாங்கினேன். பதினோராவது நாள் வேலை விட்டதும் அவன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. போய் நின்றேன்.

"தம்பி, அந்தக் கடலைச் சமாச்சாரம். அத அந்தாளுக்குச் சொன்னது நாந்தான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். செம்பூரிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுத பேச்சையெல்லாம் பேப்பர்ல போடுவானாக்கும்? அவன் என்ன அவ்வளவு கோட்டிக்காரனா?"

"மெய்யாத்தாம்டே. இரானி கடையில வச்சி."

"போதும், போதும். நான் மொகத்தத் தொங்கப் போட்டுருக்கேன்னு சிரிக்க வைக்கியோ. எனக்குத் தெரியாதா ஒங்கள."

அவன் சிரித்ததும் நானும் சிரித்துவிட்டேன். அதுதான் தப்பு. இரானி கடை, பன் மஸ்கா, பேனா ஓடியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நம்பினால் என்னை என்ன செய்வான் என்று நினைத்து அந்தச் சிவந்த கையைப் பார்த்தேன். அவன் அடிப்பான் என்றுகூடப் பயமில்லை. சிரிப்பதை நிறுத்திவிடுவான் என்றுதான் பயம்.

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் தோளில் போட்டான். "வாங்க அண்ணாச்சி, சாயா குடிப்போம்" என்று இழுத்துக்கொண்டு போனான். கடையில் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு அவன்தான் காசு கொடுத்தான். நான் குடித்தேன்.