கலியமூர்த்தி அண்ணனும் நாங்க போகாத கல்வராயனும்

கலியமூர்த்தி அண்ணன் இன்னைக்குக் காலையில போயிட்டார்.

அவர் பையன் போன் பண்ணினான். "அப்பா தூக்கத்துலயே..." அவ்வளவுதான் சொன்னான். சரிப்பான்னு வெச்சுட்டேன். வெச்ச பிறகுதான் எதுக்குடா சரின்னு சொன்னோம்னு இருந்துச்சு.

இங்க பலருக்கு அவரைத் தெரியாது. எழுபதுகளோட கடைசியில நான் நெய்வேலி மைன்ஸ்ல சேர்ந்தப்ப, பெல்ட்டுல நிலக்கரி ஓடுற கன்வேயர் செக்‌ஷன்ல எனக்கு சீனியர். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். நான் ராசிபுரத்துலேர்ந்து ஒரு டிரங்க் பெட்டியோட வந்து இறங்கினவன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. ஆள் நடமாட்டம் இல்லாத மலைக்காட்டுல கூடாரம் போட்டு ரெண்டு நாள் தங்கணும்.

லீவு கிடைச்சா நாங்கல்லாம் திருப்பதி போவோம், இல்லேன்னா சொந்த ஊர். காட்டுல போய்ப் படுக்கணும்னு சொன்ன ஒரே ஆள் அவர்தான். "ஏன் கலியமூர்த்தி, குவார்ட்டர்ஸ்ல எடம் பத்தலியா?"ன்னு கேன்டீனே ஓட்டும்.

"எட்டு மணி நேரம் பெல்ட்டு சத்தம். வூட்டுக்குப் போனாலும் காதுக்குள்ள ஓடிக்கினே இருக்குதுடா. எங்கனா போனா நிக்குதான்னு ஒரு தபா பாக்கணும்."

இதை என்கிட்ட மட்டும்தான் சொன்னார்.

பழைய ஷிப்ட் ரிப்போர்ட் தாளோட பின்பக்கம் கட்டம் போட்டு வெச்சிருந்தார். கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை. ஒவ்வொண்ணுக்கும் நேரா தண்ணி, விறகு, பஸ், அட்டைக்கடி, கூட்டம்...

அந்தப் பக்கத்து ஆள் யார் கண்ணுல பட்டாலும் விடமாட்டார். பொண்ணுக்கு மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். போளூர்க்காரர் ஒருத்தர், ஆடி வரைக்கும் ஓடையெல்லாம் காஞ்சே கிடக்கும்னு சொல்ல, ஜவ்வாது அன்னைக்கே அவுட்.

மிச்சம் ரெண்டு. நான் கொல்லிமலைக் கட்சி. எங்க ஊர்ப்பக்கத்து மலையாச்சே, விட்டுடுவேனா?

"ஆடி மாசம் திருவிழாக் கூட்டத்துல உங்கூரு மலைல நிக்க எடமிருக்காதுடா. ரோடு வேற வளைஞ்சி வளைஞ்சி... எனுக்கு வாந்திதான் வரும்." கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் சிவப்புப் பென்சிலால கொல்லிமலைக்குக் குறுக்கே ஒரு கோடு. எல்லாரும் சிரிச்சாங்க.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "சரிண்ணே, கல்வராயனே போலாம்"னு நானும் சிரிச்சேன்.

அப்புறம் அவர் தரையிலேயே நிக்கல. தார்ப்பாய் வாங்கித் தெச்சு, குவார்ட்டர்ஸ் பின்னாடி பலா மரத்தடியில கூடாரம் கட்டிப் பாத்தார். மறுநாள் அண்ணி அதுமேல மிளகா காய வெச்சிருந்தாங்க.

ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு நாலு தடவை நடந்து பர்மிஷன் லெட்டரும் வாங்கிட்டார். அதுல எங்க ரெண்டு பேர் பேரும் இருந்துச்சு. தனி ஆளைக் காட்டுக்குள்ள விடமாட்டாங்களாம்.

எங்க ரெண்டு பேருக்கும் வார ஆஃப் ஒண்ணா வராது. அதனால பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜாமணிகிட்ட பேசி, அந்த ரெண்டு நாளும் என் ஷிப்டை அவன் பாக்குறதா மியூச்சுவல் போட்டோம். எல்லாம் ரெடி.

முந்தின நாள் சாயங்காலம் ராஜாமணி வீட்டுக்குப் போனேன். "வேணாம்பா, என் டியூட்டியை நானே பாத்துக்கறேன்"னு சொல்லிட்டு வந்தேன்.

காரணமா? அந்தச் சிவப்புக் கோடுதான். வேற ஒண்ணும் இல்ல. இப்ப எழுதறப்பவே அசிங்கமா இருக்கு.

அவர்கிட்ட சொல்லல. காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு டியூட்டிக்குப் போயிட்டேன். அவர் பஸ் ஸ்டாண்டுல கூடாரத்தோட நின்னிருக்கார்.

"கள்ளக்குறிச்சி பஸ்ஸு ரெண்டு போயிடுச்சி... அப்பாலதான் வூட்டுக்கு வந்தன்." சாயங்காலம் பாத்தப்ப சொன்னார். அதுல கோவமே இல்ல.

"திடீர்னு டியூட்டி போட்டுட்டாங்கண்ணே."

"வுடு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அடுத்த மாசம் மழை பிடிச்சுக்கிச்சு. அப்புறம் அண்ணிக்கு ஆபரேஷன். அப்புறம் எனக்கு வேற செக்‌ஷன். லெட்டர் காலாவதியாச்சு. தார்ப்பாய் முத்தாண்டிக்குப்பத்துல மாட்டுக் கொட்டகை மேல ஏறிச்சு. கொஞ்ச வருஷத்துல அவருக்கு முட்டியும் போச்சு. மலைப் பேச்சே நின்னுபோச்சு.

போன பொங்கலுக்குப் பாக்கப் போனேன். காது சுத்தமா கேக்கல. "பெல்ட்டு மட்டும் இன்னும் ஓடிக்கினு இருக்குதுடா"ன்னு சிரிச்சார்.

நான் கிளம்பறப்ப கையைப் பிடிச்சுக்கிட்டார். "அன்னிக்கி உனுக்கு நெஜமாவே டியூட்டி போட்டாங்களா?"

ஆமாண்ணேன்னேன். கேக்கல. காதுகிட்ட குனிஞ்சு கத்தினேன். "போட்டாங்கண்ணே! டியூட்டி போட்டாங்க!" உள்ளேயிருந்து அண்ணி என்ன சத்தம்னு எட்டிப் பாத்தாங்க.

அவர் தலையாட்டினார். "அதான பாத்தன். நீ வராம இருக்க மாட்டியே."

நாற்பது வருஷத்துப் பொய்... அதையும் ரெண்டு தடவை சொல்ல வெச்சான் ஆண்டவன்.

நாலு மணிக்கு எடுக்கறாங்களாம். கிளம்பிக்கிட்டிருக்கேன். அங்க போய் எவ்வளவு கத்தினாலும் இனிமே கேக்காது.

போயிட்டு வாங்கண்ணே.

அன்னைக்கு எனக்கு யாரும் டியூட்டி போடல.