கழுத்தில் அட்டை, கையில் கயிறு

“இந்த அட்டையை அணிந்திருப்பவர், கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் உடல்திறனும் அனுபவமும் உள்ள தன்னார்வலர். அவருடைய சொல்லுக்குப் பொதுமக்கள் கட்டுப்பட வேண்டும். – திருவிழாக் குழு.”

அட்டையை அணிந்திருந்த பெபிஷாவின் உயரம் நாலடி பத்து அங்குலம். எடை, கேமராப் பையையும் சேர்த்து, நாற்பத்தெட்டு கிலோ. அவள் சொல்லுக்கு அதுவரை வீட்டுக் கோழிகூடக் கட்டுப்பட்டதில்லை. கருங்கல் என்ற ஊரில் ஒரு ஸ்டுடியோவில் ஆறு வருடமாக வேலை. சோறு போட்டவை கல்யாணப் படங்கள். அவளுக்குப் பிடித்தவை கச்சேரிப் படங்கள்.

கடற்கரை ஊர் ஒன்றின் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரியைப் படமெடுக்க அவளை அழைத்த குழு, ‘புகைப்படக்காரர்’ என்று இரண்டே அட்டைகள் அச்சடித்திருந்தது. ஒன்று வீடியோக்காரருக்குப் போயிற்று. மற்றது குழுத் தலைவரின் மைத்துனருக்கு. அவரிடம் நல்ல போன் இருந்தது. மிஞ்சிக் கிடந்த தன்னார்வலர் அட்டைகளில் ஒன்றைச் செயலாளர் ஜான்ரோஸ் எடுத்து நீட்டினார்.

“ஏதாவது ஒண்ணு கழுத்துல கெடந்தா போதும் மோளே. ஆரு வாசிச்சுப் பாக்கப் போறா?”

எல்லோரும் வாசித்தார்கள்.

பெபிஷாவுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரே ஒரு படம். கீபோர்டு வாசிக்கும் ரீத்தா அவளோடு பள்ளியில் படித்தவள். துபாயில் ஒரு ஹோட்டல் இசைக்குழு ரீத்தாவை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மேடையில் வாசிக்கையில் முகமும் விரல்களும் ஒன்றாகத் தெரியும் படம் மறுநாள் காலைக்குள் போய்ச் சேர வேண்டும். கையில் இருந்த படங்களில் ஒன்றில் மைக் ஸ்டாண்டு அவள் மூக்கை இரண்டாகப் பிரித்தது. இன்னொன்றில், யாரோ அடித்த ஃபிளாஷில், ரேஷன் கார்டுக்குப் படமெடுக்க நின்றவள்போல் இருந்தாள்.

“ஏட்டி, இன்னைக்காவது எனக்க மூஞ்சி தெரியணும்” என்றாள் ரீத்தா.

“நீ தலைய நிமித்தினா தெரியும் மக்கா. நாலு வருசமா உனக்க உச்சந்தலையத்தான் எடுத்துட்டு இருக்கேன்.”

கச்சேரியைப் படமெடுக்க மிக நல்ல நேரம், கச்சேரி தொடங்குவதற்கு முன்புதான். நாலு மணிக்கு மைக் சரிபார்க்கும்போது வெளிச்சம் இருக்கும், கூட்டம் இருக்காது. ஆனால் ரீத்தாவின் குழு வந்த வேன் களியக்காவிளை நெரிசலில் மாட்டிக்கொண்டு ஆறரைக்குத்தான் வந்தது. ஏழுக்குக் கச்சேரி.

முதல் பாட்டில் பெபிஷா கேமராவைத் தொடவே இல்லை. எந்த விளக்கு எப்போது வருகிறது என்று பார்ப்பதற்கே அந்தப் பாட்டு. சிவப்பு வந்தால் முகம் தக்காளி ஆகிவிடும். அதை விட்டுவிட வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் பல்லவி திரும்பும்போது வந்தன. பாடகரை வரி முடிந்து, மைக் வாயை விட்டு விலகி, அவர் மூச்சு வாங்கும் நொடியில் எடுக்க வேண்டும். கீபோர்டுக்காரி எப்போதும் குனிந்தே இருப்பாள்; இடையிசை முடியும் இடத்தில் மட்டும் டிரம்ஸைப் பார்த்து நிமிர்வாள். டிரம்ஸ் வாசித்த சிஜின் மேடையின் வலது பக்கம் இருந்தான். ஆகவே பெபிஷா வலது ஓரம் போய், தன் உயரமே உள்ள ஸ்பீக்கர் பெட்டிக்கும் மூங்கில் தடுப்புக்கும் நடுவே நின்றாள். பெட்டியில் முழங்கையை ஊன்றவில்லை. ஊன்றினால் அதன் அதிர்வு படத்தில் வந்துவிடும். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

இரண்டாவது பாட்டில் ஜான்ரோஸ் வந்தார். கூட்டத்துக்கு முன்னால் குறுக்கே கட்டிய கயிற்றின் நுனி அவர் கையில் இருந்தது. இடது பக்கக் கம்பம் இருந்தது; வலது பக்கக் கம்பத்தை யாரோ டியூப்லைட் கட்டப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

“இத ஒரு நிமிசம் பிடிச்சுக்கோ. நான் இன்னா வந்துட்டேன்.”

கரமடி இழுக்கும் ஊர்களில் கயிற்றை நீட்டினால் எதற்கென்று யாரும் கேட்பதில்லை. கரையிலிருந்து வலையை இழுக்கும்போது ஒருவர் விட்டால் இருபது பேர் மணலில் உட்காருவார்கள். மீன்பிடிக்கும் மரியானின் மகளான பெபிஷாவின் கை, அவளைக் கேட்காமலே நுனியை வாங்கிக்கொண்டது. அவள் கம்பமானாள்.

முன்னால் மேடை, பின்னால் ஸ்பீக்கர், வலப்பக்கம் தடுப்பு, இடப்பக்கம் கயிற்றில் சாய்ந்த நானூறு பேர். ஸ்பீக்கரிலோ மூங்கில் தடுப்பிலோ கட்டலாம் என்றால் ஒரு இழுப்பில் அது சாயும். ஒரு கையால் பன்னிரண்டு படம் எடுத்துப் பார்த்தாள்; பன்னிரண்டிலும் ரீத்தாவின் விரல்கள் பஞ்சுமிட்டாய்.

“அக்கா, இதக் கொஞ்சம் பிடிக்கியளா?”

“அட்டை உனக்க கழுத்துல தான கெடக்கு?” என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. “கொஞ்சம் தாழ்ந்து நில்லுட்டி, மறைக்கு.”

“இதுக்கு மேல தாழ்ந்தா மண்ணுக்குள்ளதான் போவணும்.”

ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு ஜான்ரோஸ் தென்பட்டார், மேடையில். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவரே மைக்கை வாங்கினார்: “போட்டோ எடுக்குற பிள்ள எங்க போச்சு? வேல நேரத்துல ஆளக் காண வேண்டாமா?”

பெபிஷா கயிற்றை உயர்த்திக் காட்டினாள். அவர் அதை வணக்கமாக எடுத்துக்கொண்டு கையசைத்தார். இறங்கியவர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

கடைசிப் பாட்டு வந்தது. அந்தப் பாட்டு பெபிஷாவுக்கு மனப்பாடம். இரண்டாவது இடையிசை முடியும்போது ரீத்தா சிஜினை, அதாவது பெபிஷா நின்ற பக்கத்தை, நிமிர்ந்து பார்ப்பாள். வெள்ளை விளக்கும் அப்போது வரும். அதற்குப் பிறகு நிமிர இடமில்லை. ஊரிலேயே அந்தப் படத்துக்கு ஏற்ற இடத்தில் அவள் நின்றாள். கைதான் இல்லை.

இடையிசையின் புல்லாங்குழல் நின்றது. ரீத்தாவின் தோள் உயர்ந்தது.

பிறகு நடந்ததை ஊர் பல விதமாகச் சொல்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள் மேடையடிவரை வந்தன என்பதும், யாருக்கும் அடிபடவில்லை என்பதும், பாட்டு நிற்கவில்லை என்பதும் உண்மை. “கயிற ஆரு விட்டது?” என்று ஜான்ரோஸ் மைக் இல்லாமலே கேட்டது கடல்வரை கேட்டதாம்.

பெபிஷா விட்டாள். இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்து ஐந்து படம் எடுத்தாள். மூன்றாவது படத்தில் ரீத்தாவின் முகமும் பத்து விரல்களும் தெரிந்தன.