அவளுக்குப் பொன்னாடை, எனக்கு மூடிக்காரி பட்டம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதக் காலையில், தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அதனால் நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் குடிதண்ணீர் தினமும் வராது. வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்தால்தான் உண்டு. அதற்காக வீட்டுக்கு வீடு வாசலிலேயே தரைக்கடியில் தொட்டி கட்டியிருப்போம். தொட்டி வாய்க்கு இரும்பு மூடி. ஆனால் கடலை ஒட்டிய தெரு இது. உப்புக்காற்று பட்டுப் பட்டு அந்த இரும்பு அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஓரம் உதிர்ந்து, நடுவில் ஓட்டை விழுந்து, ஒருநாள் கையோடு பிய்ந்து வந்துவிடும். புதுசு வாங்கிப் போட வேண்டியதுதானே? போட மாட்டார்கள். உடைந்த மீன்பிடி வள்ளத்துப் பலகை எதையாவது தூக்கிப் போடுவார்கள். பலகை கிடைக்காவிட்டால், கல்யாணத்துக்கோ சடங்குக்கோ அடித்த பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிடுவார்கள். நிலக்கரி லாரி ஓடுகிற ஊர். கரித்தூள் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதாம். தூசி விழுவதற்கு அவ்வளவு கவனம். ஆள் விழுவதைப் பற்றி ஒருத்தருக்கும் கவலை கிடையாது.

எனக்கு மட்டும் ஏன் அந்தக் கவலை என்றால், என் மாமனார். எங்கள் வீட்டு வாசலிலேயே, மக்கிப்போன பலகையில் கால் வைத்தார். பலகை முறிந்தது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, இடுப்பெலும்பு போய்விட்டது. அதுவரைக்கும் தினமும் காலையில் கடற்கரை வரைக்கும் நடந்து போய் மீன் பார்த்து வந்த மனுஷன், அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டதும் நான்தான், கடைசியில் அவர் கண்ணை மூடிவிட்டதும் நான்தான். அந்தக் காரியமெல்லாம் முடிந்த கையோடு எங்கள் தொட்டிக்கு நல்ல மூடி போட வைத்தேன். அப்புறம் தெருவைப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீர் வருகிற நாளில் தெருவின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரைக்கும் போவேன். திறந்து கிடக்கிற தொட்டியைப் பார்த்தால் அந்த வீட்டு வாசலிலேயே நின்று சத்தம் போடுவேன். எனக்கு நயமாகப் பேச வராது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை துருப்பிடித்த மூடியில் காலைக் கிழித்துக்கொண்டு தையல் போட்டு வந்தபோது, அவள் அப்பனை நடுத்தெருவில் வைத்துக் கிழித்தேன். பலன் என்ன? 'மூடிக்காரி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நான் வருவதைப் பார்த்தாலே, "ஏளா, மூடிக்காரி வாரா, வாய மூடுங்க" என்று சிரிப்பார்கள். தொட்டியை மட்டும் மூட மாட்டார்கள்.

இப்போது எதிர்வீட்டுக்காரிக்கு வருகிறேன். என்னைவிட வயதில் இளையவள். பேச்சில் தேன். தெருவில் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். என் வீட்டுக்காரரே, "அவள மாதிரி பேசக் கத்துக்கோ" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அவள் தொட்டிக்கும் ஃபிளெக்ஸ்தான் மூடி. எத்தனை தடவை சொன்னாலும், "இந்த வாரம் போட்டுருதேன்க்கா" என்று சிரிப்பாள். அதற்கு மேல் திட்டவும் விட மாட்டாள். கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசிவிட்டேன். அன்றைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சித்திரைக் காலையில் தண்ணீர் வந்தது. எல்லோரும் குடமும் குழாயுமாக ஓடிக்கொண்டிருந்தோம். நான் தெருமுனையில் ஒரு வீட்டுக்காரரிடம் மூடிக்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரியின் பக்கத்துப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறவர்களின் பெண்குழந்தை, அப்போதுதான் நடை பழகிய பிள்ளை, அந்த ஃபிளெக்ஸ் மேல் கால் வைத்திருக்கிறது. சத்தமே இல்லை. பேனர் அப்படியே பிள்ளையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி தற்செயலாகத் திரும்பியிருக்கிறாள். பேனரைக் காணவில்லை, பிள்ளையைக் காணவில்லை. அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு, சேலையோடு உள்ளே குதித்துவிட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. தொட்டி கழுத்தளவு நிறைந்திருந்தது. நான் அலறல் கேட்டு ஓடி வருவதற்குள் பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே இருந்தவர்கள் பிள்ளையை வாங்கினார்கள். ஒரு ஆள் அதன் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றப் போனார். அவர் கையிலிருந்து பிடுங்கி நான்தான் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டு அழுதது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பிள்ளை பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா? நானும்தான் அழுதேன். ஆனால் மறுநாள் ஆரம்பித்தது பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. மீன் வாங்கப் போனால் அவள் பேச்சு. ரேஷன் கடையில் அவள் பேச்சு. தெய்வமே அவள் உருவத்தில் குதித்தது என்று ஒருத்தி. அவள் போட்டோ எல்லார் செல்போனிலும் சுற்றியது. அது யாருடைய தொட்டி என்று ஒரு ஆள் கேட்கவில்லை. தெரியாமலா? எல்லோருக்கும் தெரியும். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தொண்டை கிழியக் கத்தியவள் மூடிக்காரி. திறந்து போட்டவள் தெய்வம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெருவில் சிலுவை நிற்கிற குருசடிக்கு முன்னால் அவளுக்குப் பாராட்டு வைத்தார்கள். இளைஞர் மன்றத்துப் பையன்கள் மைக் கட்டி, அவள் படம் போட்டு ஃபிளெக்ஸும் அடித்திருந்தார்கள். இதுவும் நாளைக்கு எவன் வீட்டுத் தொட்டிக்கு மூடியாகப் போகிறதோ என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். மகளிர் குழுவுக்கு நான்தான் தலைவி. அதனால் பொன்னாடையை நான்தான் போர்த்த வேண்டுமாம்.

போனேன். போர்த்தினேன். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"புள்ளயத் தூக்குனா, சரி. தொட்டி யாருது? அதயும் ஒரு ஆளு சொல்லுங்க பாப்போம்."

பின்னாலிருந்து ஒரு கிழவர், நல்ல நாளும் அதுவுமாக இவள் வாயைப் பார் என்று முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மைக்கைப் பிடுங்க ஒரு பையன் கையை நீட்டினான். அவனுக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரி வாங்கிவிட்டாள். பொன்னாடை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது.

"அக்கா சொல்லுதது நெசம். தொட்டி என்னுதுதான். எத்தனையோ தடவ சொன்னாவ. கடைசியா தெருவே கேக்க ஏசுனாவ. இவுக ஏசி நான் மூடணுமாக்கும்னு அந்த வீம்புலதான் தெறந்து போட்டேன். புள்ள செத்திருந்தா இதே எடத்துல என்ன நிக்க வச்சு என்ன செஞ்சிருப்பிய?"

பிள்ளையின் அம்மா எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். முதலில் யாரோ ஒருத்தர் கை தட்டினார். அப்புறம் தெருவே தட்டியது. பொன்னாடை போர்த்தியபோது தட்டியதைவிடப் பலமாகத் தட்டியது. பாரேன், எவ்வளவு பெரிய மனசு, தன் தப்பைத் தானே சொல்கிறாளே என்று என் காதுபடவே பேசினார்கள். கேள்வி கேட்டவள் நான். கைதட்டல் மறுபடியும் அவளுக்கு.

அதைவிடப் பெரிய அடி அந்த 'வீம்பு'. அப்படியென்றால் என் வாய்தான் அந்தத் தொட்டியைத் திறந்து வைத்ததா? வீட்டுக்கு வந்து அதையே நினைத்து நினைத்துக் கொதித்தேன். மக்கிய பலகையில் மாமனாரைப் பறிகொடுத்தவள் கத்தாமல் கொஞ்சவா செய்வாள்? அவளுக்கு வீம்பு வந்தால் அது என் குற்றமா? இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளை அழாமல் போயிருந்தால், குற்றம் யாருடையது என்று நானும் அவளும் ஆயுசு முழுக்க அடித்துக்கொண்டிருப்போம். பிள்ளை திரும்பி வந்திருக்காது. அந்த நினைப்பு வந்ததும் கொதிப்பு பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

அடுத்த தடவை தண்ணீர் வந்த அன்று அவள் என் வாசலில் வந்து நின்றாள். "கோவமாக்கா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"எனக்கும் ஒங்கமேல கோவந்தான். வாங்க, வீடு வீடா போவோம். நீங்க தொட்டியக் காட்டுங்க, நான் பேசுதேன்."

"ஏன், எனக்கு வாய் இல்லயா?"

"அது இருக்கதுதானக்கா பிரச்சன."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டுதான் கூடப் போனேன். நான் இத்தனை காலம் கத்திய அதே விஷயத்தைத்தான் அவள் சொன்னாள். துருப்பிடிக்காத ஃபைபர் மூடி, கொண்டி வைத்தது, பிள்ளைகளால் திறக்க முடியாதது. தண்ணீர் பிடித்து முடித்ததும் மூடிவிட்டுத்தான் குடத்தைத் தூக்க வேண்டும். அண்ணாச்சி, அத்தை என்று முறை வைத்துச் சொன்னாள். என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்கள் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். ஒரு வீட்டில் காபி வேறு. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள், அவளோடு வந்தவள் என்பதற்காக. அந்தக் காபி எப்படி இறங்கியது என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் ஆடி மாதம் வருவதற்குள் எங்கள் தெருவில் ஃபிளெக்ஸ் போட்ட தொட்டி ஒன்றுகூட இல்லை.

அவளைப் பார்த்தால் எனக்கு இன்னும் பொறாமைதான். அவள் பேசினால் நடக்கிறது, நான் பேசினால் சண்டை வருகிறது. அதற்காக நான் தெருவில் இறங்குவதை நிறுத்தவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் திறந்து கிடக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஏசுவேன், அவர்கள் வந்து மூடட்டும் என்று. இப்போது முதலில் நானே குனிந்து மூடி, கொண்டியையும் மாட்டிவிடுகிறேன். ஏச்சு அதற்கப்புறம்தான். பொழுதுபோகாத சிலர் இதற்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தொட்டியிலிருந்து தூக்கிக் காப்பாற்றியவளுக்கு ஊரே சாட்சி சொல்லும். விழாமல் நடந்து போகிறவர்களுக்குத் தாங்கள் தப்பித்தோம் என்பதே தெரியாது. தெரியாமலே என்னைத் திட்டிக்கொண்டு, கால் முறியாமல், முழு உடம்போடு வீடு போய்ச் சேரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நினைக்க அந்த ஒரு பிள்ளையின் அழுகைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.