கையிலேயே நின்றுவிட்ட மருந்து

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை நாளொன்றில் பெரம்பலூரில் நடந்தது இது. அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாகச் சேர்ந்து எனக்கு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் ஒருவர் மனைவியோடு வந்தார். காலில் வீக்கம்; ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பற்றிச் சந்தேகம். ஸ்கேனில் சிறுநீரகத்தின் திறன் மிகக் குறைவாகத் தெரிந்தால், முதுகு வழியாக ஊசி செலுத்திச் சதைத் துணுக்கு எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் லாரிக்காரர் பயந்துபோயிருந்தார்.

"இதுல எங்கயும் அறுக்க மாட்டீங்கள்ல மேடம்?"

"இல்லண்ணே. கையில ஒரு ஊசி, அப்புறம் அரை மணி நேரம் அசையாம படுக்கணும். அவ்வளவுதான்."

"அரை மணி நேரமா? வூட்டுல அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல ஒக்கார மாட்டாரு!" என்று கதவருகே நின்ற மனைவி சிரித்தார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பட்டியல் வேண்டும். தண்ணீர் குடித்தாரா, சிறுநீர் கழித்தாரா, அரைஞாணில் இருந்த தாயத்தைக் கழற்றினாரா... ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டு ஊசி போட்டேன். லேசான கதிரியக்கம் கொண்ட அந்த மருந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் வடிவதைக் கேமரா தொடர்ந்து படம் பிடிக்கும். உடம்பைத் திறக்காமலே, ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு உழைக்கிறது என்று சொல்லிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அதிசயம்தான்.

அன்று திரையில் வந்த அளவு மிகக் குறைவு. இரண்டு சிறுநீரகமுமே மங்கல். எழுந்து உட்கார்ந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"மோசமா மேடம்?"

"டாக்டர்தாண்ணே சொல்லணும்."

அவர் முழங்கையைத் தடவினார். "ஊசி போட்டப்பவே இந்த எடம் கடுத்துச்சு. அசையக் கூடாதுன்னீங்களேன்னு சொல்லல. மருந்து பூரா உள்ள போச்சாங்க? வண்டி இழுக்கலன்னா நாங்க மொதல்ல டீசல் லைன் ஒழுகுதான்னு பார்ப்போம். எடுத்ததும் இன்ஜினப் பிரிக்க மாட்டோம்."

"இங்க வந்தும் லாரிக் கதையா?" என்றார் மனைவி.

எனக்குச் சுருக்கென்றது. அவர் கையைக் கேமராவுக்கு அடியில் வைத்தேன். ஊசி போட்ட இடத்தில் பெரிய வெளிச்சப் பொட்டு! மருந்தில் ஒரு பங்கு ரத்தக் குழாய்க்குள் போகாமல் தோலுக்கடியிலேயே தேங்கியிருந்தது. சிறுநீரகத்துக்கே போகாத மருந்தையும் கணக்கில் சேர்த்து, சிறுநீரகத்தைக் குறை சொல்லி அனுப்ப இருந்தேன்.

"தப்பு என்னோடதுண்ணே," என்றேன். டாக்டரிடமும் சொல்லி, ரிப்போர்ட்டை நிறுத்தினேன்.

லாரிக்காரர் திட்டுவார் என்று நினைத்தேன். "லைன்தான ஒழுகுச்சு, வுடுங்க. இன்னொருக்கா ஓட்டிப் பார்ப்போம்," என்று சிரித்தார். இரண்டு நாள் கழித்து அதே மழையில், அரியலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

இந்த முறை இடது சிறுநீரகம் பளிச்சென்று தெரிந்தது. வலது மட்டும் கொஞ்சம் மந்தம். ஆரம்ப நிலைதான், சதை எடுக்கத் தேவையில்லை என்றார் டாக்டர். மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொன்னார். முதுகுவலிக்கு இவராகவே வாங்கி விழுங்கிவந்த மாத்திரைகளை அன்றே நிறுத்தச் சொன்னார்.

என் பட்டியலின் கடைசியில் இப்போது பேனாவால் எழுதிய ஒரு வரி இருக்கிறது: "கை கடுக்கிறதா என்று கேள்." அறுக்காமலே உள்ளே பார்க்கும் அந்தக் கேமராவை இன்றும் வியக்கிறேன்; அதைவிட, பயத்தோடு படுத்திருந்தபோதும் சரியான கேள்வியைக் கேட்ட அந்த மனிதரை வியக்கிறேன்.