ஏரம்புவின் காலும் ஸ்ராட்டர் சுவிச்சும்

மோட்டார் சைக்கிளின் பின்னால் பாண் பெட்டியைக் கட்டியிருந்த ரப்பர்ப் பட்டியை ஏரம்பு இரண்டு கையாலும் இழுத்து அவிழ்த்தார். வெறும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வழமைபோல என் முற்றத்துக் கதிரையில் இருந்து இடது காலைத் தூக்கி எதிரே கிடந்த மர வாங்கில் வைத்தார், பிறகு வலது காலையும். வலது காலில் காலையில் நான் கட்டிய வெள்ளைத் துணி சிவந்திருந்தது.

"உதைச்சனீரோ?"

"ஓம் அக்கா. ஸ்ராட்டர் பட்டன் வேலை செய்யேல்லை. பாண் ஆறிப்போகுமெல்லே, நான் என்ன செய்ய?"

ஏரம்பு வேலணைப் பேக்கரியில் பாண் எடுத்துச் சரவணையிலும் சுருவிலிலும் வீடு வீடாகக் கொடுப்பவர். முன்பு சைக்கிளில்தான் போனார். தெற்கில் கடை வைத்திருந்த அவருடைய மைத்துனன், எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்ததால் ஊரோடு வந்தான். பிறகு ஜேர்மனிக்குப் போகும்போது தன் மோட்டார் சைக்கிளை இவரிடம் விட்டுப்போனான். கொஞ்ச நாளிலேயே, எஞ்சினைக் கிளப்ப உதைக்கும் கிக்கர் திருப்பி அடித்துக் கணைக்காலில் தோல் கிழிந்தது. சீனி வியாதிக்காரர், புண் ஆறவில்லை. இன்னொருமுறை பழுதானால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் அப்படி எடுத்த கால்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வளவில் இருப்பதால் கட்டு மாற்றுவது என் வேலை. உதைக்காமல் பட்டனை அழுத்தி ஓடுவது அவர் வேலை.

புண்ணைக் கழுவிக் கட்டினேன்.

"ஹோர்ன் அடிக்குதோ?"

"அடிக்குது. பற்றறியிலை பிழையில்லை. சுவிச்சுத்தான்."

வலது கைப்பிடியில் சுவிச்சுக்குமேல் ஒரு பொலித்தீன் பை இறுக்கிக் கட்டியிருந்தது. எனக்கு அதை அடையாளம் தெரிந்தது. கடற்காற்று படாமலிருக்க என்று முன்பு அதைத்தான் புண்ணுக்குமேல் சுற்றிக் கட்டியிருந்தார். உள்ளே தோல் வெளிறி ஊறிப்போனதைப் பார்த்து நான் பிடுங்கி எறிந்தேன்.

"நான் எறிஞ்ச பைதானே உது?"

"நல்ல பை அக்கா. காலுக்குத்தானே வேண்டாமெண்டனீங்கள்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் மனைவி நாகபூசணி சிரித்தாள். "பெண்சாதிக்கு ஒரு சீலை இல்லை. சுவிச்சுக்குச் சட்டை தைச்சுப் போட்டிருக்கிறார்."

"நீர் சும்மா இரும்," என்றார் ஏரம்பு.

பையை அவிழ்த்தார். உட்புறத்தில் நீர் முத்து முத்தாக நின்றது. பற்றறி வயரைக் கழற்றிவிட்டு, சுவிச்சின் இரண்டு ஆணிகளையும் திருகித் திறந்தார். செம்புத் தகட்டில் பச்சை பச்சையாய்ப் பூத்திருந்தது.

"இதுவும் அவிஞ்சுபோச்சு அக்கா."

புதிய சுவிச்சுக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும். அந்த வாரம் கடைகள் பூட்டு. மெல்லிய எமரித் தாளால் தகட்டை மெதுவாக உரஞ்சினார். என் மருந்துப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் கொடுத்தேன். துடைத்துக் காயவிட்டு, வசலினை நகக்கண்ணளவு தடவி, ஸ்பிரிங்கைச் சரியாக இருத்தி மூடினார். வயரைத் திரும்பக் கொழுவினார். முதல் அழுத்தலில் ஒன்றுமில்லை. இன்னொருமுறை அழுத்த, எஞ்சின் பிடித்தது. அவர் சந்தோஷப்படவில்லை, பெற்றோல் ராங்கியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினார்.

"இனிமேல் மோட்டார் சைக்கிளைக் கிணத்துத் தண்ணியை அள்ளி ஊத்திக் கழுவாதையும், உப்புத் தண்ணி," என்றேன். "பின்னேரத்திலை காய்ஞ்ச துணியாலை துடைச்சு, குசினித் தாழ்வாரத்திலை விடும். பை வேண்டாம்."

"ஓம். ஆனால் நடுவழியிலை திரும்பவும் வேலை செய்யாட்டில்?"

"தள்ளிக்கொண்டு வாரும்."

"கிக்கர் கண்ணுக்கு முன்னாலை நிண்டால் கால் தானாப் போகும் அக்கா."

ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்து மருந்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை பேக்கரிக்குப் போகுமுன் வந்தார். கட்டை அவிழ்த்தேன், இரத்தம் நின்றிருந்தது. புதுத் துணி கட்டினேன். பட்டனை அழுத்தினார், எஞ்சின் பிடித்தது. பிடித்த எஞ்சினை நிறுத்திவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஸ்பனரை எடுத்துக் குனிந்து கிக்கரைக் கழற்றினார். அதை என் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பவும் பட்டனை அழுத்திப் பாண் எடுக்கப் போனார்.