உதடு படிக்கிற சன்யாசம்மா

விசாகப்பட்டினத்தின் ஓரத்தில் மில் தொழிலாளிகள் குடியிருக்கிற மில்லுபாலெத்தில், சன்யாசம்மா கண்ணில் படுகிற தூரத்தில் யாரும் ரகசியம் பேச மாட்டார்கள். தெருக்கோடியில் நின்று முணுமுணுத்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். பாம்புச் செவி என்று நினைத்துவிடாதீர்கள், காது அவளுக்கு அரைகுறைதான். சணல் மில்லின் நூற்புப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்தவள். அங்கே இயந்திரங்கள் போடுகிற கூச்சலில், பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் பெண்கள் சத்தமே போடாமல் வாயை மட்டும் அகல அசைத்துப் பேசுவார்கள். எதிர்வரிசைக்காரி உதட்டைப் பார்த்தே பதில் சொல்லுவாள். மாமியாரைத் திட்டுவதிலிருந்து மேஸ்திரியின் தொப்பையைக் கிண்டல் செய்வதுவரை எல்லாம் அப்படித்தான்.

மில் மூடியது, பழக்கம் மூடவில்லை. ஒருமுறை கோயிலில் பூசாரி மந்திரத்துக்கு நடுவே, "இந்த முட்டி வலி உயிர வாங்குது" என்று முனகியதைக் கண்டுபிடித்து, மறுநாள் தைலத்தோடு போய் நின்றாள். நல்லதைத்தான் செய்தாள், ஆனால் அந்த மனுஷர் அவளைக் கண்டாலே இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பாலெத்தில் யார் வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் மில்லில் இருந்த ஒருத்தியைக் கூப்பிட்டு உட்கார வைப்பது வழக்கம். பெரும்பாலும் சன்யாசம்மாதான். அத்தை என்றோ சின்னம்மா என்றோ சொல்லி, மாப்பிள்ளை வீட்டாருக்கு எதிரே வெற்றிலைத் தட்டோடு உட்கார்த்திவிடுவார்கள். அவர்கள் குசுகுசுவென்று பேசுவதையெல்லாம் படித்து, பிறகு அடுக்களையில் பெண்ணின் தாயிடம் சொல்லுவாள். அவளால் நின்றுபோன கல்யாணங்களும் உண்டு, நல்லபடியாக நடந்த கல்யாணங்களும் உண்டு.

இந்தத் தடவை அவள் யாருக்கும் அத்தை இல்லை. பார்க்க வந்தது அவள் மகள் நீலவேணியை.

மாப்பிள்ளை சூரிபாபு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பார்க்க லட்சணமாக, அடக்கமாக இருந்தான். சன்யாசம்மாவின் கணவர் நூகராஜுவுக்கு அவனைப் பார்த்ததுமே தலைகால் புரியவில்லை. காஜா இனிப்புத் தட்டை அவன் பக்கமே நகர்த்திக்கொண்டிருந்தார். சன்யாசம்மா வேலையை ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்தில் இருந்தவர் காதில், "லட்டு நேத்து செஞ்சது போலிருக்கு" என்றார். போகட்டும், உண்மைதான். "பொண்ணு நம்ம பையனை விட உசரமோ?" அதுவும் பெரிய குற்றமில்லை. சன்யாசம்மாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா அச்சியம்மா நேராக அவளைப் பார்த்தாள். வந்ததிலிருந்து தலை குனிந்தபடியே எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தவள். சத்தமில்லாமல் வாய் அகலத் திறந்து அசைந்தது.

"எந்த மில்லு?"

சன்யாசம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாயசைவு மில்லுக்காரிக்கு மட்டுமே வரும். ஆண்கள் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஓசையில்லாமல், அண்ணி என்று முறை வைத்து, "இங்கதான், வதினா. நீங்க?" என்றாள்.

"விஜயநகரம் பக்கம். நீங்க எங்க வாயையே பாத்துக்கிட்டிருந்தீங்க, அதுல கண்டுபிடிச்சேன்." அச்சியம்மா ஓரக்கண்ணால் மகனைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "பொண்ணைக் குடுக்காதீங்க."

"ஏன்?"

"குடிச்சா மனுஷனே இல்ல. என்னையே அடிக்கிறான்."

"அப்புறம் ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

"வரலைன்னா நேத்தே என் எலும்ப எண்ணியிருப்பான்."

சூரிபாபு திரும்பினான். "என்னம்மா வாய அசைக்கிற?"

"காஜா பல்லுல ஒட்டிக்கிச்சுடா" என்றாள் அச்சியம்மா, விரலை வாய்க்குள் விட்டபடி. எல்லாரும் சிரித்தார்கள். சன்யாசம்மாவும் சிரித்தாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. சும்மா மறுத்தால் வீட்டுக்குப் போனதும் அந்தப் பழி அச்சியம்மா தலையில்தான் விழும். மெல்ல எழுந்தாள். "தப்பா நெனைக்காதீங்க. என் பொண்ண ஷிப்டு வேலைக்காரனுக்குக் குடுக்கறதா இல்ல" என்றாள்.

நூகராஜு வாயைப் பிளந்தார். "அப்போ நான் என்ன கலெக்டரா? முப்பது வருஷம் ஷிப்டு பாத்தவன் நான்!"

"அதனாலதான் சொல்றேன்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எல்லாரையும் முந்திக்கொண்டு எழுந்தவள் அச்சியம்மாதான். "என் பையனுக்கு என்னடி குறை? மில்லுக்காரி புத்தி! உன் பொண்ணு என்ன ரம்பையா, ஊர்வசியா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். நூற்புப் பிரிவில் கூடக் கேட்டிருக்கும். அம்மா தனக்காகச் சண்டை போடுவதைப் பார்த்துச் சூரிபாபுவின் முகம் மலர்ந்தது. ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கிற சன்யாசம்மா, அன்று கைகட்டி நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அச்சியம்மாவின் காலில் விழ வேண்டும் போல இருந்தது.

ஆட்டோ கிளம்புகிற சமயம் வாசலுக்கு ஓடினாள். அச்சியம்மா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மகன். பின்னால் நூகராஜு இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். சன்யாசம்மா வாயை அகலத் திறந்து, சத்தமில்லாமல் சொன்னாள்:

"வதினா, நீங்களாவது இங்கயே இருந்துடுங்க."

அச்சியம்மா பார்க்கவில்லை. மகன் சட்டையில் ஒட்டியிருந்த லட்டுத் தூளை விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.